சூசினுக்குக் கேட்டுப் பார்க்கும் வேலை

குவாங் சூசினுக்கு அந்த வேலை ஒரு வாய்ச் சண்டையில் கிடைத்தது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. டோங்குவான் நகரத்தில் தாங்ஷியா பக்கம், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த இயர்போன் பட்டறையில் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடியை விட மெல்லிசான கம்பி. குனிந்த தலை நிமிராமல் செய்ய வேண்டிய வேலை. இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர், முடிந்து வரும் ஒவ்வொரு ஜோடியையும் காதில் வைத்துப் பார்த்து 'சரி' என்று டப்பாவில் போடுவார். ஒரு நாள் அவர் அப்படிப் போட்ட ஒன்றைப் பார்த்து, தலை நிமிராமலே சூசின் சொன்னாள்:

"அண்ணே, அது எடது பக்கம் சன்னமா இருக்கு. தள்ளி வைங்க."

"காதுல வச்சிருக்கிறது நான். நீ உன் வேலையப் பாரும்மா."

"எனக்கு இங்க இருந்தே கேக்குதே. என்ன செய்ய?"

பேச்சு வளர்ந்தது. முதலாளி சியன் உள்ளேயிருந்து வந்தார். அந்த ஜோடியை இயந்திரத்தில் வைத்தார்கள். இடது பக்கம் சன்னமாகத்தான் இருந்தது. சந்தேகப்பட்டு டப்பாவைக் கவிழ்த்து எல்லாவற்றையும் வைத்துப் பார்த்ததில் இன்னும் பதினொன்று அகப்பட்டன. காது வைத்தவர் கோபித்துக்கொண்டு அந்த மாதமே செருப்புத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் சூசின் உட்கார்ந்தாள். உட்கார்ந்து இருபது வருடம் ஆகிறது.

அவளுக்கென்று ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் மேடும் பள்ளமுமான கறுப்பு ஸ்பாஞ்ச். உள்ளே மின்விசிறி போடக் கூடாது, இரைச்சல். ஏசியும் கூடாது. ஜூலை மாதத்தில் கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். ஒவ்வொரு ஜோடியையும் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால், தரையதிர 'ஊ' என்று தொடங்கி, சைரன் மாதிரி ஏறி, 'ஈ' என்று உச்சிக்குப் போய் மறைகிற ஒரு சத்தம் வரும். அந்த ஐந்து நொடிக்குள் எங்கே கரகரப்பு, எங்கே இடது வலதைவிடத் தாழ்கிறது என்று பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ஜோடி.

அது முடிந்து வந்த சரக்கைப் பார்ப்பது. புதிதாக ஒன்றைச் செய்யும்போது அவளுக்கு வேறொரு முறை இருந்தது. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சிரிப்பது அதைப் பார்த்துத்தான். ஒரு நாள் காலையில் பட்டறையின் முப்பத்து நான்கு பேரையும் ஒவ்வொருவராக அந்த அறைக்குள் கூப்பிட்டு, நல்ல மைக் ஒன்றின் முன்னால் தங்கள் பேரையும் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்ல வைத்துப் பதிவு செய்திருந்தாள். புது இயர்போன் எதுவானாலும் அவள் முதலில் போட்டுக் கேட்பது அதைத்தான். "என் பேர் ஷூ ஷியாவ்ஷுவாங். ரெண்டு ஆவி பன், ஒரு டம்ளர் சோயாப் பால்." "என் பேர் சாய் ஷி. சாப்பிடலை, பஸ்ஸை விட்டுட்டேன்."

ருவான் ஜிங்தாங் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஃபோஷான்காரர். ஐம்பத்தொரு வயது, முழு வழுக்கை, கையில் எந்நேரமும் டீ பிளாஸ்க். ஷென்ச்சென்னில் பெரிய கம்பெனியில் பொறியாளராக இருந்தவர். அந்தக் கம்பெனி தூரத்து உள்மாகாணம் ஒன்றுக்கு இடம் மாறியபோது ஊரை விட்டுப் போக மனமில்லாமல் இந்தச் சின்னப் பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தார். வரும்போதே ஒரு செயற்கைக் காதையும் வாங்க வைத்துவிட்டார். உலோகக் குழாய்க்குள் மைக் வைத்த சாதனம் அது. இயர்போனை அதில் செருகினால் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு வரும். எந்தச் சத்தம் எவ்வளவு உயரம் என்று அந்தக் கோடு சொல்லிவிடும்.

"ஊர் உலகத்துல பாட்டுப் போட்டுக் கேப்பாங்க. நீங்க என்னம்மா வருகைப் பதிவு போட்டுக் கேக்குறீங்க?" என்றார் ருவான்.

"பாட்டுப் பாடினவங்கள நான் நேர்ல பாத்ததில்லையே மாஸ்டர். அவங்க குரல் நிஜத்துல எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஷியாவ்ஷுவாங் குரல் தெரியும். தினம் பேக்கிங் மேசையில இருந்து கத்துறாளே."

ருவான் பேக்கிங் மேசையை எட்டிப் பார்த்தார். பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் டீ குடித்துக்கொண்டார்.

இருவருக்கும் பெரிய தகராறு வந்தது எழுபத்தொன்பது யுவான் இயர்போனில். முதலாளி சியனுக்கு வெகுநாள் ஆசை அது. மேடையில் பாடுகிறவர்கள் தங்கள் குரல் தங்களுக்குக் கேட்பதற்காகக் காதுக்குள் செருகிக்கொள்கிற சாமான் ஆயிரக்கணக்கில் விலை. அதே வடிவம், அதே உறுதி, ஆனால் ஐந்து கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடுகிற காசுக்கு விற்க வேண்டும். நவம்பர் பதினொன்றாம் தேதி நாடே இணையத்தில் சாமான் வாங்குகிற நாள். அதற்குள் சரக்குத் தயாராக வேண்டும்.

ருவான் இரண்டு மாதம் உழைத்தார். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், மடிக்கணினியை மூடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு சூசினின் அறைக்கு வந்தார்.

"இந்தக் கோட்டைப் பாருங்க. நாலாயிரம் யுவான் இயர்போனோட கோடு இது. நம்மது இது. ஒண்ணு மேல ஒண்ணு வச்சா மயிரிழை விலகுதா?"

"விலகலை," என்று ஒப்புக்கொண்டு, சூசின் இயர்போனைச் செருகி வருகைப் பதிவைப் போட்டாள். கண்ணை மூடினாள். பாதியிலேயே முகம் சுளித்தது.

"எப்படி?"

"ஷியாவ்ஷுவாங் பாம்பு மாதிரி சீறுறா."

"என்னது?"

"அவ பேர்ல மூணு 'ஷ' இருக்கில்ல. ஒவ்வொண்ணும் ஊசி குத்துற மாதிரி வருது. நிஜத்துல அவ அப்படிப் பேச மாட்டா. சாய் ஷியும் சீறுறான். பட்டறை முழுக்கப் பாம்பு."

"கோட்டுல அங்க ஒண்ணுமே இல்லையேம்மா."

"கோடு கண்ணுக்கு மாஸ்டர். இது காதுல குத்துது."

ருவானுக்குச் சுருக்கென்றது. "காதுன்னா எந்தக் காது? நாப்பத்தாறு வயசாச்சு. தினம் ஆயிரத்திருநூறு சைரன் கேட்ட காது. மெஷினுக்குச் சர்வீஸ் பண்றோம், உங்க காதுக்கு யாரு சர்வீஸ் பண்ணாங்க?"

வெளியே மேசைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சூசினும் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மத்தியானமே அவள் ஒரு ஜோடியைப் பிரித்து, ஒலி வெளியே வரும் குழல்வாயில் சன்ன ஸ்பாஞ்ச் துணுக்கு ஒன்றை இடுக்கியால் திணித்தாள். கேட்டாள். ஷியாவ்ஷுவாங் மறுபடி மனுஷியாகப் பேசினாள். ருவான் அதைச் செயற்கைக் காதில் செருகிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "கோட்டைக் குழியில தள்ளிட்டீங்களே!"

முதலாளி சியன் நடுவில் புகுந்தார். இரண்டு விதத்திலும் இருபது இருபது ஜோடி செய்வது; ருவானுடையதற்கு உள்பக்கம் சிவப்புப் புள்ளி, சூசினுடையதற்கு நீலப் புள்ளி; எது யாருடையது என்று சொல்லாமல் பட்டறை ஆட்களிடமே கொடுத்துக் கேட்பது.

"தோத்தவங்களுக்கு என்ன?" என்றாள் ஷியாவ்ஷுவாங். அவளுக்கு வேடிக்கை குறையக் கூடாது.

சூசின் ஹூனான்காரி. மிளகாய் இல்லாமல் அவளுக்கு ஒரு வாய் இறங்காது. கேன்டீனுக்குக்கூடத் தன் மிளகாய்ச் சாந்து ஜாடியோடுதான் வருவாள். ருவானுக்கோ மிளகாயின் வாசனை பட்டாலே கண் கலங்கும். ஆகவே பந்தயம் தானாக அமைந்தது. சூசின் தோற்றால் ஒரு வாரம் மத்தியானம் மிளகாய் இல்லாத வெறும் அரிசிக் கஞ்சி. ருவான் தோற்றால் ஹூனான் கடையில் மிளகாய் கொட்டி வேகவைத்த மீன்தலை, முழுசாக.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது பேர் வரிசையாக வந்து, ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் அதையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். பிடித்த புள்ளியைக் காகிதத்தில் எழுதிக் கிண்ணத்தில் போட்டார்கள். சியன் எண்ணினார். சிவப்பு பதினேழு. நீலம் மூன்று.

"சிவப்புல எல்லாம் பளிச்சுனு கேக்குதுக்கா. நீலம் கொஞ்சம் தூங்குற மாதிரி இருக்கு," என்றான் சாய் ஷி, வருத்தத்தோடு. நீலத்துக்கு எழுதிய மூவரில் ஒருத்தி, நீலம் தனக்குப் பிடித்த நிறம் என்று பிறகு சொன்னாள்.

"எத்தனை பேரு சொல்றாங்க பாத்தீங்களா?" என்று ருவான் பிளாஸ்க்கைக் கோப்பை மாதிரி உயர்த்திக் காட்டினார். சூசின் தன் மிளகாய் ஜாடியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஒரு வாரம் வச்சிருங்க. திறந்து பாத்துடாதீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக எங்களால முடியாது."

முதலாளி அந்த நாற்பது ஜோடியையும் ஆட்களுக்கே கொடுத்துவிட்டார். ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம். ருவானும் புள்ளி வைத்தும் கணக்கில் சேராமல் மேசையில் மிச்சமிருந்த மாதிரிகளிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கஞ்சியின் முதல் நாளைச் சூசின் பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் கஞ்சியைப் பார்த்தபோது அவளுக்குக் கஞ்சியின் மேல் கோபம் வரவில்லை. தன் காதின் மேல் பயம் வந்தது. பதினேழு பேர் ஒன்று சொல்ல, தான் மட்டும் வேறு சொல்கிறோம். ஒருவேளை ருவான் விளையாட்டாகச் சொன்னது நிஜமோ? காது போனால் மறுபடி கம்பி பற்றவைக்கப் போக முடியுமா? இந்தக் கண்ணுக்கு அந்தக் கம்பி இப்போது தெரியக்கூடத் தெரியாது. அவள் கணவன் லியாவ் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். மகள் ச்சாங்ஷாவில் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் தன் கைக்கடிகாரத்தை இந்தக் காதிலும் அந்தக் காதிலும் வைத்து வைத்துப் பார்த்தாள்.

லியாவ்தான் கண்டுபிடித்தார். "என்ன சூசின், கடிகாரம் ரகசியம் பேசுதா?"

"யோவ், ஒரு வார்த்தை மெதுவாப் பேசு. எனக்குக் கேக்குதா பாப்போம்."

"மெதுவாவா? நான் ராத்திரி விடுற குறட்டையே உனக்குக் கேக்குதுன்னு இருபது வருஷமாத் திட்டுறியே!"

"அது தெருவுக்கே கேக்கும்யா."

ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு லியாவ் சிரிப்பதை நிறுத்தினார். மறுநாள் அவருக்கு மாலை வரை வேலை இல்லை. இருவருமாகப் பக்கத்து ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவுக்குப் போனார்கள்.

அங்கே கண்ணாடிக் கதவு வைத்த சின்ன அறை. உள்ளே உட்காரவைத்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். சத்தம் வந்தது, அழுத்தினாள். இன்னும் மெல்லிசாக வந்தது, அழுத்தினாள். நடுவில் கையை உயர்த்தினாள்.

"என்னம்மா, தலை சுத்துதா?" என்று டாக்டரம்மா கதவைத் திறந்தார்.

"இல்ல டாக்டர். இந்த ஹெட்போன்ல வலது பக்கம் ஒயர் லூசா இருக்கு. தலையை ஆட்டினா மெல்லிசா கரகரங்குது. பிளக் கிட்டதான் இருக்கும், காதுப் பக்கத்துல இல்ல."

டாக்டரம்மா அவளையும் ஹெட்போனையும் மாறி மாறிப் பார்த்தார். ஆளைக் கூப்பிட்டுப் பிளக்கைத் திறந்து பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு கம்பி ஒற்றை இழையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"காதுல கோளாறுன்னு வந்தது நீங்கதானே?" என்றார் டாக்டரம்மா.

வேறு ஹெட்போன் போட்டு முழுதாகப் பார்த்தார்கள். நொடிக்குப் பதினாலாயிரம் அதிர்வுக்கு மேல் போன கீச்சுச் சத்தம் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. அதைக் காகிதத்தில் பார்த்ததும், "போச்சா டாக்டர்?" என்றாள். டாக்டரம்மா அந்த இடத்தில் விரலை வைத்து, "உங்க வயசுல பாதிப் பேருக்குப் பன்னெண்டாயிரத்துக்கு மேலயே சுத்தம். அங்க பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல. அதுக்குக் கீழ பாருங்க, இருபது வயசுப் பொண்ணு காது மாதிரி இருக்கு," என்றார். "ஆமா, நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

வெளியே வந்ததும் சூசின் லியாவின் முதுகில் ஒரு அறை வைத்தாள், சந்தோஷத்தில். எதிர்க் கடையில் இருவரும் மிளகாய் போட்ட நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். பந்தயம் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும்தானே, மணி இன்னும் பதினொன்றரைகூட ஆகவில்லை என்று அவள் நியாயம் சொன்னாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்தக் காகிதத்தை ருவானிடம் காட்டி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வந்தால், அவர் ஏற்கெனவே அவள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் பிளாஸ்க் இல்லை. ஒரு ஜோடி இயர்போன் இருந்தது. முகம் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் மாதிரி.

"சூசின், ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க, அப்புறம் முடிவு பண்றேன்."

"நாலு நாளா பஸ்ல போக வர இதைத்தான் போட்டுட்டு நாடகப் பாட்டுக் கேக்குறேன். ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர. நேத்து கேட்டுக்கிட்டே தூங்கி, இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டு மூணு ஸ்டாப் தள்ளிப் போயிட்டேன். என் வாழ்க்கையில இயர்போன் போட்டுத் தூங்கினதே இல்ல, பத்து நிமிஷத்துல கழட்டிடுவேன். ஆஹா, நாம என்ன அருமையாப் பண்ணியிருக்கோம்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வீட்டுக்குப் போனேன். இன்னைக்குக் காலையில துடைக்கலாம்னு நுனி ரப்பரைக் கழட்டினேன், கண்ணாடியும் போட்டிருந்தேன்." அவர் இயர்போனைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் நீலப் புள்ளி.

சூசின் சிரிக்கவில்லை. அதாவது மூன்று நொடி சிரிக்கவில்லை. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பேக்கிங் மேசையிலிருந்து ஷியாவ்ஷுவாங் ஓடி வந்தாள்.

விஷயம் வெளியே வந்ததும் மற்றவர்களும் யோசித்துப் பார்த்தார்கள். சாய் ஷி தன் மேசை இழுப்பறையைத் திறந்தான். சிவப்பு உள்ளே சுருண்டு கிடந்தது. நீலம் அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "நான் வேணும்னு மாத்தலக்கா. எப்படி மாறுச்சுன்னே தெரியல." சியன் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்த்தார். இருபது பேரில் பதினைந்து பேர் இப்போது போட்டுக்கொண்டிருந்தது நீலம். ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று இருந்தது, ஒரு மணி நேரத்தில் காதை அறுத்திருக்கிறது. அறுத்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கை மட்டும் தானாக மற்றதை எடுத்திருக்கிறது.

"அப்ப கோடு எங்க பொய் சொல்லுச்சு?" ருவானுக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. சூசினையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செயற்கைக் காதின் முன் உட்கார்ந்தார். அந்தச் சாதனத்தில் எட்டாயிரம் அதிர்வுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மேடு வரும். அது குழாயின் குணம், இயர்போனின் குணம் இல்லை என்று அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆகவே அந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை, அவரும் பார்க்கவில்லை. இப்போது இயர்போனை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்தார். மேடு நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். இன்னும் நகர்ந்தது. ஆனால் அதன் அடியில் ஒளிந்திருந்த கூரான குச்சி ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"இதுதான் பாம்பு," என்றாள் சூசின்.

"திருட்டுப் பாம்பு. என் மேட்டுக்கு அடியிலேயே படுத்திருக்கு."

அதோடு அவள் சரி, அவர் தப்பு என்று முடிந்துவிடவில்லை. ருவான் நீலத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, தயக்கத்தோடு சொன்னார்: "ஆனா உங்க ஸ்பாஞ்ச் பாம்போட சேத்து கோழியையும் முழுங்குது. நாடகத்துல தாளக்கட்டை தட்டுற சத்தம் மொத்தையா வருது. கேளுங்க." சூசின் கேட்டாள். ஷியாவ்ஷுவாங்கின் பதிவில் தாளக்கட்டை இல்லை. அதனால்தான் அவள் அதைக் கவனிக்கவில்லை. தாளத்தட்டு நிஜமாகவே ஈரத் துணியில் அடித்தது போல இருந்தது. அவள் நேர்மையான ஆள், "ஆமா, கெடுத்துட்டேன்" என்றாள்.

பிறகு இருவரும் ஸ்பாஞ்சை விட்டுவிட்டு வலைத்துணிக்குப் போனார்கள். குழல்வாயில் ஒட்டுகிற, பட்டுத்துணியை விட நெருக்கமான வலை. கண் பெருத்தது, கண் சிறுத்தது, ஒன்றை, இரண்டை, பின்பக்கக் காற்றுத் துளையை மூடி, பாதி திறந்து என்று ஏழு நாளில் நாற்பதுக்கு மேல் செய்து பார்த்தார்கள். அவர் கோட்டைப் பார்த்துச் சொல்வார், அவள் கேட்டுச் சொல்வாள். இரண்டு பேரும் 'சரி' என்று சொன்னால்தான் அடுத்தது. முதலாளி சியன் காலண்டரோடு அறை வாசலில் உலாத்தினார்.

"கல்யாணத்துக்கு நாள் பாக்குறீங்களா, இயர்போன் பண்றீங்களா? பதினொண்ணாம் தேதி எனக்காக நிக்காது!"

"வாயை மூடுங்க முதலாளி, கேக்கணும்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

நாற்பத்து மூன்றாவதில் முடிந்தது. சூசின் வருகைப் பதிவைக் கடைசி வரை கேட்டாள். முப்பத்து நான்கு பேரும் மனிதர்களாகப் பேசினார்கள். ருவானின் தாளக்கட்டையும் சுள்ளென்று நின்றது.

பந்தயக் கணக்குப்படி ருவான் ஜெயித்தவர்தான். ஆனாலும் அவர் தானாகவே ஹூனான் கடைக்கு வந்து, மீன்தலைக்கு முன்னால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தட்டில் மீனை விட மிளகாய் அதிகம். முதல் வாயில் வழுக்கை சிவந்தது. இரண்டாவது வாயில் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஷியாவ்ஷுவாங் மோரைப் போலக் குளிர்ந்த சோயாப் பாலை டம்ளர் டம்ளராக ஊற்றினாள்.

"போதும் மாஸ்டர், விடுங்க," என்று சூசினே பயந்துபோனாள்.

"பேசாதீங்க... எனக்கு இப்ப... ஒண்ணும் கேக்கல," என்றார் ருவான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. கன்னத்துச் சதையை மட்டும் கடைசி வரை விடவில்லை. நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

நவம்பர் பதினொன்றில் சரக்கு போனது. முதல் நான்கு நாள் வந்த கருத்துகளைப் படித்து சியனுக்கு இருந்த முடியும் கொட்டியது. 'பளபளப்பு இல்லை.' 'மந்தம்.' 'அடுத்த கடைக்காரனுடையது இன்னும் கூர்மை.' ருவான் அவர் தோளைத் தட்டி, "நம்ம பட்டறையிலயும் பதினேழு பேரு இதைத்தானே சொன்னாங்க? பொறுங்க," என்றார். இரண்டாம் வாரத்தில் காற்று திரும்பியது. உரும்ச்சியிலிருந்து நாற்பது மணி நேரம் ரயிலில் வந்த ஒருவர், வழியெல்லாம் போட்டிருந்ததாகவும், இறங்கும்போது டிக்கெட் பரிசோதகர் சொல்லித்தான் கழற்றியதாகவும் எழுதியிருந்தார். தேர்வுக்குப் படிக்கிற பெண் ஒருத்தி தனக்கொன்று, தங்கைக்கொன்று, அறைத்தோழிக்கொன்று என்று மூன்று வாங்கினாள். டிசம்பரில் மேல்மாடியையும் வாடகைக்கு எடுத்தார்கள். சூசினின் அறைக்கு, சத்தமே போடாத ஒரு குளிர்சாதனத்தை எங்கிருந்தோ தேடிப்பிடித்து ருவான் பொருத்த வைத்தார். அது சத்தம் போடுகிறது என்று அவள் இரண்டு முறை திருப்பி அனுப்பினாள்.

வசந்தத்தில் குவாங்சோவில் இயர்போன் கண்காட்சி. சியன் ஒரு சின்ன மேசை பிடித்தார். ருவானுக்குக் கூட்டத்தில் பேச வராது என்று சூசினையும் அழைத்துப் போனார். அவள் தலையை வாரி, மகள் வாங்கிக் கொடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கழுத்தில் மூன்று இயர்போன் கம்பியும் தோளில் விலையுயர்ந்த பிளேயரும் தொங்கவிட்ட ஒரு இளைஞன் வந்தான். கால்மணி நேரம் கேட்டுவிட்டு அவளிடம் விளக்கத் தொடங்கினான்.

"ஆன்ட்டி, இதுல என்ன விசேஷம்னா, 'ஷ' வர்ற இடம் குத்தாது. விலை மலிவான இயர்போன்ல அது ரொம்ப கஷ்டம். உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா..."

"சொல்லுங்க தம்பி," என்று சூசின் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டாள். அவன் நன்றாகவே விளக்கினான். பக்கத்தில் ருவான் டீ புரையேறி இருமினார்.

கூட்டம் கொஞ்சம் கலைந்த நேரத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து நின்றாள். இந்தத் தொழிலின் ஆள் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. விலைச் சீட்டை இரண்டு தடவை படித்தாள்.

"இது நெஜமாவே எழுபத்தொம்போதா, இல்ல ஒரு காதுக்கு மட்டுமா?"

"ரெண்டு காதுக்கும்தாம்மா. உனக்கு எதுக்கு?"

அவள் பேர் பாய் ஹுய்யான். கல்யாண விருந்துகளில் பாடுகிறவள். பின்னால் டிரம்ஸ்காரன் அடிக்கிற அடியில் தன் குரல் தனக்கே கேட்பதில்லை. கத்திக் கத்தித் தொண்டை போகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் சுருதி விலகியது தெரியாமலே ஒரு பாட்டு முழுக்கப் பாடியிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள், டிரம்ஸ்காரன் மட்டும் சிரித்தான். பெரிய பாடகர்கள் காதில் போடுவதைக் கேட்டு ஒரு கடைக்குப் போனால், விலையைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டாளாம்.

சூசின் எழுந்தாள். மேசைக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஜோடியாக எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஏற்கெனவே அவள் பார்த்துப் போட்டவைதான், ஒன்றிலும் குறை இல்லை. ஆனாலும் இடதும் வலதும் துளிகூடப் பிரியாத ஒன்று வேண்டும் என்று தேடினாள். ஒன்பதாவது ஜோடியில் நின்றாள். ருவான் ஒரு மைக்கை மிக்ஸரில் செருகினார், பின்னணியில் ஒரு டிரம்ஸ் பதிவைச் சத்தமாகப் போட்டார். சூசின் ரப்பர் நுனியில் மூன்று அளவையும் மாற்றிப் பார்த்து, அந்தப் பெண்ணின் காதில் தானே செருகிவிட்டு, "இப்ப பாடு. கத்தாத," என்றாள்.

ஹுய்யான் சுற்றிலும் பார்த்துக் கூச்சப்பட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பேசுகிற அளவுச் சத்தத்தில் ஒரு பாட்டின் முதல் அடியைப் பாடினாள். நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள்.

"என்னம்மா?"

"இது நானா?"

"நீதான். ஏன், பிடிக்கலையா?"

"இல்ல... நான் நினைச்சதவிட நல்லாப் பாடுறேனே!"

பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஹுய்யானுக்கு வெட்கம் போய்விட்டது. டிரம்ஸை இன்னும் ஏற்றச் சொன்னாள். ருவான் ஏற்றினார். அவள் குரலை ஏற்றவில்லை, அந்த மெல்லிய குரலிலேயே இரண்டாவது அடிக்குப் போனாள். சூசின் நாற்காலியை இழுத்துப் போட்டு, எதையும் சரிபார்க்காமல், பாட்டு முடியும் வரை சும்மா உட்கார்ந்து கேட்டாள்.